பஞ்சாரத்துக்குள் ஓர் ஆட்டுக்குட்டி

ஆண்டொன்றுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை நம்பி, அதிலும் பெரும் பங்கை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று வானத்தைப் பார்த்திருந்து, பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மல்லியும் விதைத்து வாழ்கிற எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் குடும்பங்களின் முற்றத்திலே கோழி இருப்பது இயல்பு, ஆடு இருப்பது இயல்பு, ஆனால் நீண்ட கழுத்தும் அலகின்மேல் புடைத்த குமிழும் உடைய பெரிய வெள்ளை வாத்து ஒன்று, தன் பின்னே நான்கு குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு வேப்பமரத்து நிழலைக் கடந்து போகுமானால், அருப்புக்கோட்டைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவரும் ஒரு கணம் நின்று, "கண்மாயே காய்ந்து கிடக்கையில் இதற்குத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்காமல் செல்வதில்லை. கேட்பவர் மீது குற்றமில்லை. வாத்து என்றதும் நம் மனக்கண்ணில் நீர்ப்பரப்பு ஒன்று விரிந்து விடுகிறது. எனினும் அது இந்தப் பறவையின் சுபாவத்தை அறியாததனால் எழுகிற கேள்வி என்பதையும், அந்த அறியாமையே இதன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் எமனாக முடிகிறது என்பதையும், முதன்முறை வாங்கிய ஆறு குஞ்சுகளில் நான்கைப் பறிகொடுத்த பிறகே நான் தெரிந்துகொண்டேன்.

சந்தையில் இதற்குக் 'கூஸ் வாத்து' என்று பெயர். நெல் அறுத்த வயல்களில் கூட்டங்கூட்டமாக ஓட்டிச் செல்லப்படும் நாட்டு வாத்து வேறு. முகத்தில் சிவந்த மருக்கள் படர்ந்த மணிலா வாத்து வேறு. உலகத்து வீடுகளில் வளர்கிற கூஸ் வாத்துகள் அனைத்தும் இரண்டே காட்டினங்களின் வழிவந்தவை என்றும், அலகின்மேல் குமிழ் உடைய நம் பக்கத்து இனம் அவ்விரண்டில் கிழக்காசியாவைச் சேர்ந்ததன் சந்ததி என்றும் பறவை நூலார் கூறுவர். 'கூஸ்' என்பது அந்நிய வார்த்தையாயிற்றே என்று கூச்சப்படத் தேவையில்லை. அந்தச் சொல்லையும், ஜெர்மானியரின் 'கான்ஸ்' என்பதையும், இலத்தீனின் 'ஆன்ஸெர்' என்பதையும், வடமொழியின் 'ஹம்ஸம்' என்பதையும் ஒரே வேரினின்று கிளைத்தவையாகவே மொழிநூல் வல்லார் கொள்கின்றனர். வெள்ளைத் தாமரையாளின் பக்கத்தில் சிற்பிகள் செதுக்கி வைத்த பறவையின் பெயரும், கூடைக்கார வியாபாரி தெருவில் கூவுகிற பெயரும் சகோதரச் சொற்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், மோட்டார் சைக்கிளின் பின்னே கூடை கட்டிக்கொண்டு வந்த வியாபாரி ஒருவரிடம், பிறந்து இரண்டு நாளான ஆறு குஞ்சுகளை வாங்கினேன். மஞ்சளும் இளம்பச்சையும் கலந்தாற்போன்ற மயிர். உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். உள்ளங்கையில் எடுத்தால் நூறு கிராம் இருக்கலாம். தலைமுறையாகக் கோழி வளர்த்த வீடு என்ற தைரியத்தில், கோழிக்குஞ்சுக்கு என்னென்ன செய்வோமோ அவ்வளவையும் அன்போடு செய்தேன்: அட்டைப்பெட்டியில் செய்தித்தாளை விரித்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கம்புக் குருணையைத் தூவி, சிரட்டையில் தண்ணீர் வைத்து, சத்துக்காக இருக்கட்டும் என்று ஆட்டுக்குப் போடுகிற கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பிசைந்தும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஒரு குஞ்சின் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோய், எழ மாட்டாமல் அது நெஞ்சால் நகர்ந்தது; தண்ணீர்ச் சிரட்டையை எட்ட முடியாமலேயே இரண்டு நாளில் போய்விட்டது. பத்தாம் நாளுக்குள் இன்னும் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, தீனியை வெறுத்துச் சோர்ந்து, நடை தள்ளாடி, தலை முதுகுப்பக்கம் வளைய வலிப்புக் கண்டு மாண்டன.

கால் விரிந்ததற்குக் காரணம் செய்தித்தாள். வழுக்குகிற தரையில் அந்தப் பெரிய பாதங்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. முதல் வாரத்தில் சாக்குத் துணியையோ காய்ந்த மணலையோ பரப்பியிருந்தால் அது நேர்ந்திராது. நேர்ந்த முதல் நாளிலேயே கவனித்து, இரண்டு கால்களையும் இயல்பான இடைவெளியில் நிற்கும்படி மெல்லிய துணி நாடாவால் தளர்வாக இணைத்து இரண்டு மூன்று நாள் விட்டிருந்தாலும் பிழைத்திருக்கக் கூடும்.

மற்ற மூன்றின் கதை வேறு. இறந்த குஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு போனபோது, கால்நடை மருத்துவர் அதைக் கீறி ஈரலைக் காட்டினார். செந்நிறமாக இருக்க வேண்டிய ஈரல் மஞ்சள் பாரித்து வெளிறிக் கிடந்தது. என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டு, பிண்ணாக்கைக் கொண்டுவரச் சொல்லி, அந்த வட்டையை உடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே பழுப்பாக, மணமாக இருந்த அதன் உட்புறத்தில், பாசி படிந்தாற்போல் பச்சைப் பூசணம் ஓடியிருந்தது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய மூட்டை அது. ஆடு தின்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் சந்தேகிக்கவே இல்லை.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள், இன்ன நோய் என்று எவரும் பெயர் சொல்ல முடியாத வகையில் மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் உடன் மாண்டன. ஆராய்ந்தவர்கள் கடைசியில் பிரேசில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றார்கள். அதில் வளர்ந்த 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் பூசணம் சுரந்த நஞ்சுக்கு அப்பூசணத்தின் பெயரைக் கொண்டே 'அஃப்ளடாக்ஸின்' என்று பெயரிட்டார்கள். அந்த நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகிற உயிர்களுள் வாத்துக் குஞ்சு முன்னணியில் நிற்பதால், பண்டத்தில் அது கலந்திருக்கிறதா என்று சோதிக்க வாத்துக் குஞ்சுகளையே பயன்படுத்தும் வழக்கமும் ஏற்பட்டது. மனிதருக்கும் இது விலக்கல்ல. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரத்து ஆதிவாசிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தை உண்டு நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். வேகவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் இந்த நஞ்சு முற்றாக நீங்குவதில்லை. நிலக்கடலை விளைகிற, பிண்ணாக்கு வீட்டுக்கு வீடு இருக்கிற நம் சீமையில் இதை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: கூஸ் குஞ்சுக்குக் கடலைப் பிண்ணாக்கைக் காட்டவே வேண்டாம். பசுவுக்கு அரைத்து வைக்கிற பருத்திக்கொட்டையும் அப்படியே. அதிலுள்ள 'காசிபால்' என்னும் பொருள், அசை போடும் மாட்டுக்குத் தாங்குமே ஒழியப் பறவைக்குத் தாங்காது.

மிஞ்சிய இரண்டையும் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்து பஞ்சாரத்தின் இடுக்கு வழியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கொட்டியிருந்த குருணை அப்படியே கிடக்க, அவ்விரண்டும் பஞ்சாரத்தின் விளிம்புக்கு அடியில் தலையை நுழைத்து, வெளியே முளைத்திருந்த அருகம்புல்லின் நுனியை எட்டி எட்டிப் பறித்துக்கொண்டிருந்தன.

"ஏய்யா, கோழிக்குஞ்சுன்னு நெனச்சு வளக்கிறியாக்கும்? இது ஆட்டுக்குட்டிய்யா. தொறந்து மேய விடு" என்றார்கள்.

பல புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்த மூதாட்டி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்கள் என்றே இன்றுவரை கருதி வருகிறேன். கோழி கிளறித் தின்னும் பிராணி. நாட்டு வாத்து சேற்றைத் துழாவித் தின்னும் பிராணி. கூஸ் வாத்தோ, இரண்டு பக்கமும் ரம்பம் போன்ற விளிம்புடைய அலகால் புல்லைக் கத்தரித்து மேய்கிற பிராணி. பிறந்த மூன்றாம் நாளே அதன் குஞ்சு புல் கடிக்கத் தொடங்கிவிடுகிறது. நீந்துவதற்குக் குளம் இருந்தால் அதற்குச் சந்தோஷம், இல்லையென்றால் நஷ்டமில்லை. புல் இல்லையென்றால் நஷ்டம். ஆகவே, இந்த மானாவாரிச் சீமையில் இதை வளர்ப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டியது கண்மாயில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதை அன்று, கண்மாய்க் கரையிலும் ஊருணி ஓரத்திலும் அருகு எத்தனை மாதம் பசுமையாக இருக்கும் என்பதையே. மழை பெய்து ஓய்ந்து, கார்த்திகையிலிருந்து தை வரை எங்கும் பச்சை பிடித்திருக்கிற காலத்தில் குஞ்சு பொரித்தால், பங்குனி வெயில் வருவதற்குள் அது இறகு முற்றி, உஷ்ணத்தைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம் பெற்றுவிடும். சித்திரையில் பொரித்த குஞ்சை இந்த ஊரில் காப்பாற்றுவது மெத்தக் கடினம்.

இதனால் புல் ஒன்றே போதும் என்று பொருள் கொள்ளலாகாது. முதல் மூன்று வாரம், நூற்றுக்கு இருபது பங்களவு புரதமுள்ள குஞ்சுத் தீவனம் வேண்டும். அது மருந்து கலக்காததாக இருப்பது உத்தமம், ஏனெனில் கோழிக்குஞ்சின் வயிற்றளவைக் கணக்கிட்டுச் சேர்த்த மருந்தை, அதைவிடப் பெருந்தீனி தின்கிற இந்தக் குஞ்சு அளவுக்கு மீறி உட்கொண்டுவிடும். மூன்று வாரத்துக்குப் பின் புரதத்தைக் குறைத்து, புல்லைக் கூட்ட வேண்டும்; குறைக்காமல் கொழுக்கக் கொழுக்க ஊட்டினால், சிறகின் நுனி மூட்டு கனம் தாங்காமல் வெளிப்புறமாகத் திருகிக்கொண்டு, பிறகு ஆயுளுக்கும் அப்படியே நின்றுவிடுவதுண்டு. முட்டைக் கோழிக்கு வைக்கிற தீவனத்தில் ஓடு கெட்டிப்படுவதற்காகச் சுண்ணாம்புச் சத்து மிகுதியாகக் கலந்திருக்கும்; அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழியும் குஞ்சும் ஒரே முற்றத்தில் வளர்கிற வீட்டில் மிகச் சாதாரணமாக நேர்கிற தவறு இது. புல்லையும் முதலில் அரிவாளால் பொடிப்பொடியாக நறுக்கிப் போட வேண்டும், அருகில் ஒரு பிடி குறுமணலையும் வைக்க வேண்டும். நீளப் புல் இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொண்டால் எடுப்பது கஷ்டம்.

இன்னொரு குறையும் உண்டு. 'நியாசின்' என்று விஞ்ஞானிகள் வழங்கும் உயிர்ச்சத்து, ஒரு கிலோ தீவனத்தில் கோழிக்குஞ்சுக்கு 35 மில்லிகிராம் அளவில் இருந்தால் போதுமென்றால், கூஸ் குஞ்சுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். குறைந்தால் முழங்கால் மூட்டு வீங்கி, கால் வில்போல் வளைந்து, குஞ்சு நடக்க அஞ்சும். சோளம் விளைகிற ஊரார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து மேதை சி. கோபாலன் அவர்கள், குன்னூரில் தொடங்கி 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, தக்காணத்தில் சோளத்தையே பிரதான ஆகாரமாகக் கொண்டிருந்த ஏழை மக்களிடையே தோல் கருகி வெடிக்கும் 'பெல்லாக்ரா' என்ற நோயை ஆராய்ந்தார். அந்த நோய்க்கு மூலமும் இதே உயிர்ச்சத்தின் குறைவுதான். மனிதனுக்கே சோளம் ஒன்றையே நம்பினால் குறை நேருமானால், அவனைவிட விரைந்து வளர்கிற, பத்து வாரத்துக்குள் நூறு கிராமிலிருந்து மூன்று கிலோவை எட்டுகிற ஓர் உயிருக்கு அது எங்ஙனம் போதும்? தீவனத்தில் ஈஸ்ட் தூளைக் கலப்பதும், கால்நடை மருந்துக்கடைகளில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் திரவத்தை மருத்துவர் சொல்லும் அளவில் குடிநீரில் சேர்ப்பதும் இதற்குப் பரிகாரம்.

மறு ஆண்டு குஞ்சு வாங்கவில்லை. தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஐந்து முட்டைகள் வாங்கிவந்து, எங்கள் வீட்டுச் செவலைக் கோழிக்கு அடை வைத்தேன். நாட்டுக்கோழி ஒன்றுக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து முட்டைக்கு மேல் அணைக்க முடியாது. கோழி முட்டை 21 நாளில் பொரியும், இதற்கோ முப்பது நாளாகும். இரண்டையும் கலந்து வைத்தால், தன் குஞ்சு வெளிவந்ததும் கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடும், பாதி உயிரோடிருக்கும் வாத்து முட்டைகள் குளிர்ந்து கெடும். கோழியின் அலகால் இந்தக் கனத்த முட்டையைச் சரிவரப் புரட்ட இயலாது. ஆகையால் ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் கரியால் ஒரு புள்ளி வைத்து, நாளுக்கு மூன்று தடவை, கோழி இரை எடுக்கப் போகும் நேரம் பார்த்து, நாமே புரட்டிவிட வேண்டும். தாய் வாத்தானால் நீரில் நனைந்து ஈரநெஞ்சோடு திரும்பி வந்து அமரும். கோழியின் நெஞ்சு உலர்ந்தது என்பதால், அடைக்காலத்தில் பாதி கழிந்தபின் வெதுவெதுப்பான நீரைக் கைவிரலால் லேசாகத் தெளிப்பதும் அவசியம். அடைக்கூடையில் சாம்பலும் வேப்பிலையும் போட்டுப் பேன் அண்டாமல் பார்த்துக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் விடிகாலையில் நான்கு பொரிந்தன. ஒன்று கூழ்முட்டை.

அன்று எனக்கு மிகக் கடினமாக இருந்தது, குஞ்சுகளைக் கையில் எடுக்காமல் இருப்பது. ஆஸ்திரியா தேசத்துக் கான்ராட் லோரன்ஸ், தாம் அன்புடன் 'மார்ட்டினா' என்று அழைத்த ஒரு கூஸ் குஞ்சைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். முட்டையிலிருந்து வெளிவந்ததும் அவரை முதலில் நோக்கிய அந்தக் குஞ்சு, அதன்பின் வளர்ப்புத் தாயாக ஏற்பாடு செய்திருந்த வெள்ளை வாத்தின் அடியில் எத்தனை முறை தள்ளிவிட்டாலும், அழுதுகொண்டு வெளியே ஓடிவந்து அவரையே தேடியது. தான் முதலில் காண்கிற அசைகிற உருவத்தைத் தாயென்று வரித்துக்கொள்ளும் இந்த இயல்பை ஆராய்ந்ததற்கும் சேர்த்தே, 1973-ஆம் ஆண்டு கார்ல் ஃபான் ஃபிரிஷ், நிக்கோ டின்பெர்கன் ஆகிய இருவருடன் அவருக்கு நோபல் பரிசு வந்தது. மனிதனைத் தாயென்று நம்பிய குஞ்சு, மனிதன் வயலுக்குப் போனதும் அநாதையாகிறது. கோழிகளின் கூட்டத்தில் அதற்கு இடம் இல்லை, கோழியின் எச்சரிக்கைக் குரல் அதற்குப் புரிவதில்லை. அதனால், வாங்கிவந்த குஞ்சாயினும் பிறந்த முதல் நாளாயின், இருட்டியபின் சந்தடியில்லாமல் அடைக்கோழியின் சிறகுக்கடியில் செருகிவிட்டு அகன்று விடுவதே நலம். ஒற்றைக் குஞ்சை வளர்ப்பது பாவம். இரண்டேனும் இருக்க வேண்டும்.

செவலைக் கோழி அந்த நான்கையும் தன் குஞ்சு என்றே ஏற்றுக்கொண்டது. மூன்றாம் நாள் வழக்கம்போல், சாணமும் சாக்குத் துண்டும் திணித்து இரவு முழுவதும் கவிழ்த்து வைத்திருந்த கலயத்தை எடுத்து வந்து, அதில் ஏறியிருந்த கரையான்களை முற்றத்தில் தட்டினேன். கோழிக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. அது ஒன்றையும் விழுங்காமல், அலகால் ஒரு கரையானை எடுப்பதும் கீழே போடுவதுமாக, 'க்ளுக் க்ளுக்' என்று குஞ்சுகளைக் கூப்பிட்டது. குஞ்சுகள் வரவில்லை. நான்கடி தள்ளி, குடத்து நீர் சிந்துகிற இடத்தில் முளைத்திருந்த புல்லில் அவை ஆழ்ந்திருந்தன. கோழி மேலும் உரக்கக் கூப்பிட்டது. ஒரு குஞ்சு மாத்திரம் தலை நிமிர்ந்து தாயைப் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லில் குனிந்தது. கரையான்கள் ஊர்ந்து மறைகிற வரைக்கும் அந்தத் தாய் தான் ஒன்றையும் தின்னாமல் கூப்பிட்டுக்கொண்டே நின்றதை நினைத்தால் இப்போதும் மனம் கலங்குகிறது. அன்று முதல் கோழிக்கென்று ஒரு பங்கைத் தனியே கூண்டுக்குள் வைத்துவிடுவேன்.

தண்ணீரைப் பற்றி. நீந்தும் அளவு நீர் வேண்டாம் என்று சொன்னேனே தவிர, சிரட்டை நீர் போதும் என்று சொல்லவில்லை. தீனி மூக்குத் துவாரங்களில் அடைத்துக்கொள்ளாமலும் கண்ணில் பீளை கட்டாமலும் இருக்க, மூக்கு முழுகித் தலையை அலசிக்கொள்ளுமளவு ஆழம் வேண்டும். உள்ளே இறங்கி நனையுமளவு அகலம் கூடாது. கோழியிடம் வளர்கிற குஞ்சின் மென்மயிருக்கு, முதல் வாரங்களில் நீர் ஒட்டாத தன்மை போதிய அளவு வாய்ப்பதில்லையாதலால், நனைந்தால் மார்கழிப் பனியில் விறைத்துப் போகும். வாய் அகன்ற மண்சட்டியில் கூழாங்கற்களை நிரப்பி, கற்களுக்கு மேல் இரண்டு விரற்கடை நீர் நிற்கும்படி ஊற்றினேன். குஞ்சு கற்களுக்கிடையே அலகை முக்கி, தலையை உதறி, துளிகளைத் தன் முதுகின் மேலேயே சிதறவிட்டு, மூக்கால் சீறி நீரை வெளியேற்றும் அழகைக் காலையில் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். சட்டியைச் சுற்றி எப்போதும் சகதியாகும். அந்த ஈரத்தில் கடலைத்தோலைப் பரப்பினால் பூசணம் பிடித்து நுரையீரலைத் தாக்கும். மணலே மேல், அதையும் நாள்தோறும் மாற்ற வேண்டும்.

முதல் வாரத்தில் 32 டிகிரி சென்டிகிரேடு அளவு வெதுவெதுப்பு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே போகலாம். கோழி அணைத்துக்கொள்வதால் கவலையில்லை என்று இருந்துவிடவும் கூடாது. இரண்டு வாரத்தில் குஞ்சு பருத்து, கோழியின் சிறகுக்குள் அடங்காமல் பாதி உடம்பு வெளியே கிடக்கும். அப்போது சாக்குச் சுற்றிய பெட்டியும் ஒரு பல்பும் ராத்திரிக்கு உதவும். விளக்கின் கீழே குவிந்து கிடந்தால் குளிர்கிறது, மூலையில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் புழுங்குகிறது. குஞ்சுகளே வெப்பமானியாக இருந்து நமக்கு அறிவிக்கின்றன.

கூட்டத்தில் விடுவதற்கு முன், முதல் பதினைந்து நாளுக்காவது கம்பி வலைக்கு அப்பால் வைத்து, பழைய கோழிகளும் சேவலும் இவற்றைப் பார்த்துப் பழகும்படி செய்ய வேண்டும். புதிதாக எது வந்தாலும் தலையில் கொத்துவது கோழியின் வழக்கம். கூஸ் குஞ்சின் தலை மென்மையானது, ஓடவும் அதற்குத் தெரியாது. அதே வயதுக் கோழிக்குஞ்சுகளோடு ஒரே பெட்டியில் அடைப்பதும் ஆகாது. மூன்றாவது வாரத்தில் இவை அவற்றை மிதித்துவிடும், நீரைச் சிந்தி அவற்றை நனைத்துவிடும். வெளியிலிருந்து வரும் பகையில் கீரியும் காக்கையும் வல்லூறும் பகலில், காட்டுப்பூனையும் பெருச்சாளியும் இரவில். பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கூஸ் வாத்து இருக்கும் வீட்டில் பாம்பு அண்டாது என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக உண்டு, இதை வாங்குகிறவர்களில் பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். வளர்ந்த வாத்து அயல் அசைவு எதைக் கண்டாலும் கூட்டமாகக் கூச்சலிடும், அந்த மட்டுக்கு அது நல்ல காவல்தான், கி.மு. 390-இல் 'கால்' என்னும் இனத்தார் இருளில் மலையேறி வந்தபோது ரோமாபுரியின் கோட்டையை எழுப்பிவிட்டது இவற்றின் குரல் என்று ரோமர்கள் போற்றியிருக்கிறார்கள். ஆனால் குஞ்சோ சாரைக்கும் நல்லபாம்புக்கும் வெறும் இரை. பஞ்சாரத்தின் மேல் கனமான கல்லும், சுற்றிலும் விரல் நுழையாத வலையும் இல்லாமல் ஓரிரவும் விடக் கூடாது.

நம் சீமைக்கென்றே வாய்த்த இன்னொரு பகை சீமைக்கருவேல முள். கண்மாய்க்குள் மேயப் போகும் குஞ்சின் சவ்வுப் பாதத்தில் அது ஏறினால், வெளியே தெரியாமல் உள்ளே சீழ் கோத்து, அடிப்பாதம் குமிழாக வீங்கும். மாலையில் திரும்பியதும் ஒவ்வொன்றையும் தூக்கி, பாதத்தை விரித்து, கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதைப் போல ஒரு நித்திய கர்மம்.

அமெரிக்க தேசத்தில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், பருத்திக் காடுகளில் களையெடுக்கக் கூஸ் வாத்துகளைக் கூட்டமாக விட்டார்கள். அவை அருகையும் கோரையையும் மேய்ந்துவிட்டுப் பருத்திச் செடியைத் தொடாமல் விடுவதே காரணம். பருத்திச் சீமைக்காரனாகிய எனக்கு இதைக் கேட்டதும் ஆசை பிறந்தது உண்மை. ஆனால் நம் புஞ்சையில் பருத்தியோடு உளுந்தும் மல்லியும் சேர்ந்தே வளர்கின்றன. அவற்றை இவை விடமாட்டா. பூச்சி மருந்து தெளித்த காட்டில் இறக்கினால் குஞ்சுகளின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. தனிப்பருத்தி விதைத்து, மருந்தடிக்காத ஒருவர் முயன்று பார்க்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் அஞ்சுகிற ராணிக்கேட் நோய், கோழியைக் கொல்வதுபோல் கூஸ் வாத்தை எளிதில் கொல்வதில்லை. ஆயினும் வெளிக்குத் தெரியாமல் கிருமியைச் சுமந்து திரிந்து, வளர்த்த தாய்க்கோழிக்கே கொடுத்துவிடக் கூடும். ஆகையால் வாத்து உள்ள வீட்டார் தங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். பனிக்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரைக்கும் வந்து இறங்குகின்றன. காணக் கண் கோடி வேண்டும். ஆனால் இன்று உலகெங்கும் அஞ்சப்படுகிற பறவைக் காய்ச்சல் கிருமியின் மூதாதையை, 1996-இல் சீனத்துக் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வீட்டுக் கூஸ் வாத்தினிடமே கண்டெடுத்தார்கள் என்பதை எண்ணி, வலசைப் பறவைகள் கூடுகிற கண்மாய் நீரில் குஞ்சுகளை விடாமல் கரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பங்குனி பிறந்தபோது நான்கும் செவலைக் கோழியைவிட உயரமாகிவிட்டன. கழுத்தில் வெள்ளை இறகு இறங்கி, குரல் உடைந்து, நடையில் ஒரு கனம் வந்திருந்தது. கோழியோ அப்போதும் மாலை மங்கியதும் பழைய பஞ்சாரத்துக்குள் போய் நின்று, 'க்ளுக் க்ளுக்' என்று கூப்பிட்டது. அவை வந்தன, ஒன்று தலையை நுழைத்துப் பார்த்தது, கழுத்து நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, நான்கும் பஞ்சாரத்தை ஒட்டியவாறே வெளிப்புறத்தில் படுத்து, அலகை முதுகிறகுக்குள் செருகிக்கொண்டன. மறுநாள் பனையோலை வாங்கி, தொழுவச் சுவரையொட்டி அவற்றுக்கு ஒரு சாய்ப்பு இறக்கினேன். பஞ்சாரத்தையும் கோழியோடு அதற்குள்ளேயே நகர்த்தி வைத்தேன்.